வலப்பக்கம் சாய்ந்த குரல்

அத்தியாயம் 14

தமாயோவின் கடிதத்தை மொரிஹிகோ இந்த ஒரு வாரத்தில் பதினோரு தடவை படித்துவிட்டார். பதினோரு தடவையும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றார்.

‘மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் உங்களிடம் ஒன்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அன்றைக்கே என் மனசு விட்டுப்போயிற்று.’

என்ன சொன்னாள்? மொரிஹிகோ மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். சொன்னது மறந்துபோயிருந்தால் அது ஒரு ரகம். அப்படி ஒரு சாயங்காலம் நடந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். சண்டை போட்டுப் பிரியவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் தமாயோ இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கவாகோஎ பக்கம் ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். படிப்பு முடித்துப் பட்டம் வாங்குவதுபோலக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, விவாகரத்து இல்லாமலே ஆளுக்கொரு பக்கம் இருப்பதற்கு இப்போது டோக்கியோவில் ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் மொரிஹிகோ அக்கம்பக்கத்தில் இத்தனை நாளும் சமாளித்துக்கொண்டிருந்தார். கடிதம் அந்தச் சமாளிப்பையும் முடித்துவைத்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன், விவாகரத்துப் படிவம் கொண்டுவருகிறேன், கையெழுத்தோடு வைக்க உங்கள் முத்திரையை எடுத்து வையுங்கள், சாட்சிக் கையெழுத்துப் போட மகள் ஷிஹோவையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை இன்றைக்கு.

முத்திரை வைக்கக் கூடாது என்றுதான் மொரிஹிகோ நினைத்தார். அவள் திரும்பி வரவேண்டும். இந்த வீட்டில் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் என்ன சொல்லி மறுப்பது? எதற்காகப் போகிறாள் என்றே தெரியாத மனுஷன், எதைத் திருத்திக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பான்?

இப்படிப்பட்ட ஒரு நாளில் வேறு யாராக இருந்தாலும் வீட்டைப் பெருக்கித் துடைப்பார்கள். முகம் மழித்துக்கொள்வார்கள். மொரிஹிகோ ஹெட்ஃபோனுக்குக் கேபிள் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

*

அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஐந்தாவது மாடி. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும் சுவர். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்க முடியாது. அதனால் பாட்டுப் பித்து உள்ளவர்கள் எல்லாரும் ஹெட்ஃபோனுக்குள் குடியேறிவிடுகிறார்கள். நுண்தராசு செய்யும் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மொரிஹிகோவும், மகள் ஷிஹோ காலி செய்துவிட்டுப் போன அறையில் அப்படிக் குடியேறியவர்தான்.

இந்த வருஷம் ஆரம்பத்திலிருந்து அங்கே ஒரு கோளாறு. நல்ல ஹெட்ஃபோனில் பாடுகிறவரின் குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். மொரிஹிகோவுக்கு அது வலப்பக்கம் சாய்ந்து நின்றது. முதலில் அரை விரல். அப்புறம் ஒரு விரல். இப்போது இரண்டு விரல்.

கேபிள்தான் காரணம் என்று தீர்மானித்தார். சாதாரணக் கேபிளில் இரண்டு காதுக்கும் மின்சாரம் போக வழி தனித்தனி, திரும்பி வர வழி பொது. பேலன்ஸ்டு கேபிளில் அந்தப் பங்காளித் தகராறு கிடையாது. இடது காதுக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. வலது காதுக்கும் அப்படியே. அதை மாட்டினால் குரல் நடுவுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். வரவில்லை. இன்னொரு கேபிள் வாங்கினார். அதற்கும் வரவில்லை. இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது.

இந்தப் பித்துக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. புதுக் கேபிளை இருநூறு மணி நேரம் பாட்டு ஓட்டிப் பழக்கவேண்டும், அப்போதுதான் அது வாய் திறக்கும் என்பார்கள். மொரிஹிகோ அதை அட்சரம் பிசகாமல் செய்தார். மரத்தில் செதுக்கிய ஒரு தலை வைத்திருந்தார். அந்தத் தலைக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுக் கடைக்குப் போவார், வாக்கிங் போவார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "வந்துட்டேன்" என்பார். முப்பத்து நாலு வருஷமாக அந்தச் சொல்லுக்கு உள்ளேயிருந்து, "வாங்க" என்று ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. இப்போது உள்ளே மரத்தலை மட்டும் யாருக்கோ சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம்கூட இல்லாத வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பயமாக இருந்தது. இருநூறு மணி நேரம் முடிந்த பிறகும் சில நாள் அதை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்.

*

"அப்பா! மூணு தடவை பெல் அடிச்சேன். தூங்கிட்டியா?"

ஷிஹோ தன்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு வந்தாள். இருபத்தொன்பது வயசு. நகோயாவில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை. முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். கையில் அம்மாவுக்குப் பிடித்த அரிசிமாவு இனிப்பு.

"டிவி சத்தத்தைக் குறைப்பா முதல்ல. லிஃப்ட் வரைக்கும் கேக்குது."

"சும்மா சொல்லாதே."

"லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, பாக்கலையா? தயவுசெய்து டிவி சத்தத்தைக் குறைக்கவும், மற்றவர்களை எண்ணிப் பார்க்கவும்."

"பாத்தேனே. மூணு வாரமா இருக்கு. யாரோ இங்கிதம் தெரியாத ஆளு."

ஷிஹோ அவரையே பார்த்தாள். அப்புறம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். மொரிஹிகோவின் நாற்காலிக்கு வலப்பக்கம் இருந்த டிவியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"சரி, எங்கே கிளம்பிட்டே?"

"அகிஹபாரா. பதினோரு மணிக்குக் கடையில நேரம் வாங்கியிருக்கேன். கேபிள் பாக்கணும்."

"இன்னைக்கா?"

"இருநூறு மணி நேரம் நேத்தோட முடிஞ்சிடுச்சு. இடது பக்கம் இன்னும் திறக்கலை."

"அப்பா, நாலு மணிக்கு அம்மா வர்றாங்க. கையில என்ன கொண்டு வர்றாங்கன்னு தெரியும்ல? அதுல நான் கையெழுத்துப் போடணுமாம். நீ என்னடான்னா கேபிள் வாங்கப் போறே."

"மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

கோபத்தில் ஷிஹோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் வரேன். உன்னை விட்டா அங்கேயே உக்காந்துடுவே."

வீட்டில் உட்கார்ந்து நாலு மணிக்காகக் காத்திருக்க அவரால் முடியாது என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. அதை அவர் வாயால் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவருக்கு இடப்பக்கமாக நடந்துகொண்டே வந்தாள். பஸ்ஸும் லாரியும் போகிற தெரு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். அவர் கடைவீதியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "அப்பா, உன்னைத்தான் கேக்கிறேன்" என்றாள். அதற்கும் பதில் இல்லை. ஷிஹோ வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ரயில் ஏறும்வரை திறக்கவில்லை. மகள் ஏன் திடீரென்று உம்மென்று ஆகிவிட்டாள் என்று மொரிஹிகோவும் யோசித்தார். அம்மாவைப் போலவே ஆகிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

*

அந்தக் கடையின் மூன்றாவது மாடியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஆளுக்கொரு ஹெட்ஃபோன், ஆளுக்கொரு கண்மூடல். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் அழுதுகொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இது கடையா, தியான மண்டபமா?" என்று ஷிஹோ கிசுகிசுத்தாள்.

ஓகினோ என்கிற பெண் வந்து குனிந்து வணங்கினாள். நாற்பதை நெருங்குகிற வயசு. இந்த நாலு மாதமாக மொரிஹிகோவுக்குக் கேபிள் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். துணி விரித்த தட்டில் மூன்று கேபிள்களைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"இது சுத்தத் தாமிரம் சார். இது தாமிரத்து மேல வெள்ளி முலாம். இது முழு வெள்ளி. மூணுலயும் நாலு பின் பிளக்தான் போட்டு வெச்சிருக்கேன். உங்க ஆம்ப்புக்குச் சரியா இருக்கும்."

மொரிஹிகோ ஈரத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹெட்ஃபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நோட்டைத் திறந்து பேனாவை அதன்மேல் வைத்தார். ஒரு பெண் பியானோவோடு தனியாகப் பாடும் பாட்டு. அதில் எப்போதும் அதே நாற்பது நொடிதான் கேட்பார்.

தாமிரத்தைக் கேட்டார். எழுதினார்: ‘அடித்தொனி நிறைவு. குரல் இரண்டு விரல் வலம்.’

வெள்ளி முலாம். ‘மினுக்கு அதிகம். குரல் இரண்டு விரல் வலம்.’

முழு வெள்ளி. மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. ‘துல்லியம். குரல் இரண்டு விரல் வலம்.’

"இதுலயும் இடது பக்கம் வாய் திறக்கலையே, ஓகினோ. இன்னும் கொஞ்சம் ஓட விட்டா வருமோ?"

ஓகினோ தட்டில் கிடந்த துணியின் ஓரத்தை நீவி விட்டாள். "அப்படியும் இருக்கலாம் சார்."

"என்கிட்ட குடுப்பா" என்று ஷிஹோ ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நாற்பது நொடியும் கேட்டாள். "நடுவுலதானே இருக்கா? என் மூக்குக்கு நேரா நின்னு பாடுறா."

"உனக்குப் பழக்கம் இல்லை."

"பாட்டு கேக்கிறதுக்குக்கூடப் பயிற்சி வேணுமா? பியானோ இந்தப் பக்கம் நல்லாத்தானே கேக்குது?" இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"நல்லாவா? அது ஏதோ பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு. அதைத்தானே இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. இடதை வலதுல போட்டு, திருப்பி மாட்டிப் பாரு."

மொரிஹிகோவுக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுவது அவர்கள் உலகத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவதற்குச் சமம். நாலு மாதமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. "அப்படியெல்லாம் போட மாட்டாங்கம்மா. பாட்டு இடவலம் மாறிப்போயிடும். பாடினவங்க எப்படி வெச்சாங்களோ அப்படித்தான்…"

பேச்சு பாதியில் நின்றது.

தட்டை மாற்றிப் பார். முப்பத்தெட்டு வருஷம் தினமும் அவர் வாயில் இருந்த சொல் அது. தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் எடைக்கற்களைத் தட்டு மாற்றி வைக்க வேண்டும். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் தப்பு கல்லில். கல் மாறியும் சாய்வு அதே பக்கம் நின்றால், தப்பு தராசில்.

ஷிஹோவின் கையிலிருந்து ஹெட்ஃபோனை வாங்கித் திருப்பி மாட்டிக்கொண்டார். பாட்டைத் தட்டிவிட்டார்.

வலது காதில் பியானோ கணீரென்று வந்தது. எத்தனை மாதமாயிற்று, இந்தப் பியானோவை இப்படிக் கேட்டு! ஒவ்வொரு கட்டையிலும் விரல் படுவதும் எழுவதும் தெரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்த வாத்தியம் வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்புறம் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள்.

இரண்டு விரல். வலப்பக்கம்.

மொரிஹிகோ பாட்டு முடியும்வரை கேட்டார். நாற்பது நொடியோடு நிறுத்தவில்லை. கழற்றிக் கீழே வைத்தார். நோட்டில் எழுதப் போனவர், எழுதாமலே மூடிவிட்டார்.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்றார். "தராசு போயிடுச்சு."

ஷிஹோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காலையில் மூன்று தடவை அடித்த பெல், லிஃப்ட் வரை கேட்ட டிவி, தெருவில் பதில் வராத கேள்வி எல்லாம் சேர்ந்து அவள் முகத்தில் வந்து நின்றன. "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மொரிஹிகோ ஓகினோவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்."

அவள் தலை கவிழ்ந்தது. "மூணாவது தடவை வந்தப்பவே சந்தேகம் வந்துச்சு சார்."

"ஏன் சொல்லலை?"

"வாடிக்கையாளர்கிட்ட, உங்க காதைப் பாருங்கன்னு நான் எப்படி சார் சொல்றது? வீட்டுல யாராவது கவனிச்சுச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்."

வீட்டில் யாராவது! அந்தப் பெண் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். மரத்தலையைத் தவிர அந்த வீட்டில் வேறு தலை இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்திருந்தால் ஆறாவது நாளே தெரிந்திருக்கும். பக்கத்தில் யாருமே இல்லாததால் காது போனதுகூட அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் எழுந்து ஓகினோவுக்கு ஆழக் குனிந்து வணங்கினார். அவளும் குனிந்தாள். மூன்று கேபிளும் தட்டிலேயே இருந்தன.

*

திரும்பும் ரயிலில் ஷிஹோ அவருக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். காலையில் போட்ட சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை காது டாக்டர். நான் லீவு போட்டுட்டு கூட வரேன். வேண்டாம்னு சொல்லாதே."

"சரி."

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே."

அவர் மனசு சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்திருந்தது. அடுப்பங்கரைப் பக்கத்து நாற்காலி எப்போதும் தமாயோவுடையது. பரிமாற எழுந்து உட்கார வசதி. அவருடைய இடப்பக்கம். வலப்பக்கம் டிவி. போன குளிர்காலத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டதாக அவர் நினைத்தார். ஏதோ கோபம், தானாகத் தெளியும் என்று விட்டுவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது என்று டிவியைச் சத்தமாக வைத்தார்.

அவள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று எத்தனை நாள் கூப்பிட்டாளோ! தான்தான் தனியாக இருந்தோம் என்று இத்தனை நாளும் தன்மேலேயே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் தனியாக இருந்தது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

"அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள் ஷிஹோ.

"சொன்னா நம்புவாளா?"

ஜன்னலுக்கு வெளியே யார் வீட்டு மாடியிலோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

தமாயோ சரியாக நாலு மணிக்கு வந்தாள். சாம்பல் கோட்டு. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சொந்த வீட்டு வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டாள்.

ஆனால் உள்ளே வந்ததும் கால் பழகிய இடத்துக்கே போயிற்று. அடுப்பங்கரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மொரிஹிகோ தன் நாற்காலியில், அவருக்கு எதிரே ஷிஹோ. நடுவில் தேநீரும் அரிசிமாவு இனிப்பும். தமாயோ பையிலிருந்து பச்சைக் கோடு போட்ட படிவத்தை எடுத்து விரித்தாள். அவள் பெயரும் முத்திரையும் ஏற்கெனவே இருந்தன. சாட்சிக்கான இரண்டு கட்டங்களில் ஒன்றில் அவள் அக்கா கையெழுத்திட்டிருந்தாள்.

"உங்க கட்டம் இது. ஷிஹோ, நீ இங்கே."

"தமாயோ" என்றார் மொரிஹிகோ. அவளைப் பார்க்க முழுசாக உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தது. "மார்ச் மாசம் நீ என்ன சொன்னே?"

"அதை இப்ப எதுக்குங்க கிளறணும்?"

"எனக்குக் கேக்கலை. என் இடது காது போயிடுச்சு."

தமாயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"வெள்ளிக் கம்பிக்கும் தாமிரக் கம்பிக்கும் வித்தியாசம் கேக்கிற காது. பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்டாட்டி பேசுறது மட்டும் கேக்காது. வேற சாக்கே கிடைக்கலையா உங்களுக்கு? ஒரு வாரம் யோசிச்சு இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"அம்மா, நிஜமாவே…" என்று ஷிஹோ ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. உங்கப்பாவுக்கு நீ வக்காலத்து வாங்காதே."

மொரிஹிகோ வாதாடவில்லை. "தட்டை மாத்திப் பாத்தேன், தமாயோ" என்றார். "சாய்வு மாறலை."

தமாயோவின் கை படிவத்தின் மேல் அப்படியே நின்றது. தராசுக்காரனோடு முப்பத்து நாலு வருஷம் இருந்தவள். கல்யாணமான புதிதில் அடுப்பங்கரைத் தராசைக்கூட அவர் தட்டு மாற்றிச் சரிபார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். அந்தச் சொல்லை அவர் பொய்க்குப் பயன்படுத்த மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஆறு மாதத்துக் கசப்பு ஒரு சொல்லில் கரைந்துவிடுமா?

அவள் எழுந்தாள். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள்.

"எவ்வளவு சத்தம் வெப்பீங்க?"

மொரிஹிகோ வாங்கி, வழக்கமாக வைக்கிற அளவுக்கு ஏற்றினார். ஷிஹோ முகத்தைச் சுளித்தாள்.

"அன்னைக்கும் இதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றாள் தமாயோ, அவர் வலப்பக்கம் நின்று, குரலை உயர்த்தி. "நான் என் இடத்துல உக்காருறேன். நீங்க நேரா பாருங்க. என் பக்கம் திரும்பக் கூடாது. அன்னைக்குச் சொன்னதை அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுவேன். கேட்டுதுன்னா கேட்டுதுன்னு சொல்லுங்க. பொய் வேண்டாம்."

மொரிஹிகோ தலையாட்டினார்.

நேராகப் பார்த்து உட்கார்ந்தார். கேட்டுவிட்டால் அவர் பொய்யன். கேட்காவிட்டால் அவள் சொன்னது என்னவென்று இப்போதும் தெரியாது. இரண்டில் எது நடக்கவேண்டும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு காத்திருந்தார். வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் அவர் இப்படிக் கேட்டதில்லை.

டிவியில் வானிலை சொன்னார்கள். ஹொக்கைதோவில் முதல் பனி விழுந்திருக்கிறதாம். மலைப்பாதைகளில் வண்டிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். படிவத்தில் அவருடைய பெயர் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரிலிருந்து ஆவி வருவது நின்றுவிட்டது.

அவள் தயங்குகிறாள் என்று நினைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது. ஆகட்டும், மெதுவாகச் சொல்லட்டும். ஆறு மாதம் காத்திருந்தவருக்கு இன்னும் ஆறு நிமிஷம் பெரிதில்லை.

"ம், சொல்லு தமாயோ" என்றார், திரும்பாமலே. "நான் தயாராத்தான் இருக்கேன்."

அப்போதுதான் எதிரே இருந்த ஷிஹோவின் முகத்தைக் கவனித்தார். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், புது மனுஷி ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

மொரிஹிகோ மேஜைமேல் முன்னால் குனிந்தார்.

"சொல்லிட்டாளா?" என்று மகளைக் கேட்டார்.

ஷிஹோ கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவை, அப்பா."